செயற்குறி பணிமிகுப்பு: காரவள்ளி வளைவுகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

செயற்குறி பணிமிகுப்பு என்பது, கூட்டல், கழித்தல், சமன் போன்ற குறிகளுக்கு, நிரலர் தாமே வரையறுத்த இனக்குழுவின் பொருள்களிடத்தும் பணி கொடுப்பதாகும். இரண்டு முழு எண்களைக் கூட்டும் அதே + குறி, இரண்டு கலப்பெண்களையும் இரண்டு அணிகளையும் கூட்டப் பயன்படுவது இதற்கு எளிய சான்று. பொருள்நோக்கு நிரலாக்கத்தில் இது பல்லுருவாக்கத்தின் ஒரு வகையாகக் கற்பிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 2018-இல் வெளிவந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், சி++ மொழியின் வழியாக இதை மாணவர்களுக்கு அறிமுகம் செய்கிறது.

ஒரு குறியை எப்படிப் பணிமிகுப்பது என்பதைப் பாடநூல்களும் பயிற்சி வகுப்புகளும் தெளிவாகவே சொல்லித் தருகின்றன. எந்தக் குறியைப் பணிமிகுக்கலாம், எதைப் பணிமிகுக்கக் கூடாது என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. சி++ மொழி அனுமதிக்காத குறிகளின் பட்டியலை மனப்பாடம் செய்யும் மாணவர், மொழி அனுமதித்தாலும் தாம் மறுக்க வேண்டிய குறிகள் உண்டு என்பதை அறியாமலே பாடத்தை முடித்துவிடுகிறார். இக்கட்டுரை அந்தக் குறையை ஆராய்கிறது.

பெயரும் கருத்தும்

‘பணிமிகுப்பு’ என்ற கலைச்சொல், ஒரு குறியின் தலையில் வேலையை ஏற்றுவது என்ற படிமத்தைத் தருகிறது. ஏற்கெனவே ஒரு வேலை செய்யும் குறிக்கு இன்னொரு வேலை கூடுகிறது என்ற அளவில் இது சரியே. ஆனால் அந்த இரண்டு வேலைகளில் எது இப்போது நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார் என்பதை இச்சொல் காட்டுவதில்லை. பணிமிகுப்பின் உயிர்நாடி அந்த முடிவில் இருக்கிறது.

தமிழ் இலக்கணம் இதே சிக்கலைச் சொற்களில் கண்டு, பெயரும் இட்டிருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் பலபொருள் ஒருசொல்லைப் பற்றிப் பேசுகிறது. அதில் வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது என்று இரு வகை காட்டுகிறது. ‘மா’ என்ற சொல் மரத்தையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும். ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடியது’ என்றால் குதிரை. பக்கத்தில் நிற்கும் சொல்லே பொருளை முடிவு செய்கிறது.

நிரல்பெயர்ப்பி செய்வதும் இதுவே. + குறியைக் கண்டதும் அது இருபுறமும் உள்ள செயலேற்பிகளின் தரவினத்தைப் பார்க்கிறது. முழு எண்கள் என்றால் வழக்கமான கூட்டல். கலப்பெண் இனக்குழு என்றால் அதற்கென எழுதப்பட்ட செயற்கூறு. இந்த நோக்கில் பார்த்தால் பணிமிகுப்பு மாணவருக்குப் புதிதல்ல. ‘பொருள்’ என்ற சொல்லே நிரலாக்கத்தில் ஒன்றையும், இலக்கணத்தில் இன்னொன்றையும், சந்தையில் வேறொன்றையும் குறிப்பதை அவர் நாள்தோறும் குழப்பமின்றிக் கையாள்கிறார்.

இந்த ஒப்புமை ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. வினை சேர்ந்தும் பொருள் தெளியாத இடத்தில் பேசுபவர் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். நிரலிலும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு.

கலப்பெண் மறைப்பது

பணிமிகுப்பைக் கற்பிக்க வழக்கமாக எடுக்கப்படும் எடுத்துக்காட்டு கலப்பெண். மெய்ப்பகுதியோடு மெய்ப்பகுதியும், கற்பனைப் பகுதியோடு கற்பனைப் பகுதியும் கூடும். நிரல் சிறியது, விடை சரிபார்க்க எளியது. ஆனால் கற்பிக்கும் கருவி என்ற வகையில் இதற்கு ஒரு குறை உண்டு. கலப்பெண்ணுக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் கணிதத்திலேயே வரையறுக்கப்பட்டுவிட்டன. கூட்டினால் வருவதும் கலப்பெண்ணே. எனவே ‘இந்த இனக்குழுவுக்குக் கூட்டல் பொருந்துமா?’ என்று மாணவர் கேட்கவே வேண்டியதில்லை.

அந்தக் கேள்வி எழக்கூடிய ஓர் இடம் கலப்பெண்ணிலும் உண்டு. இரண்டு கலப்பெண்களில் எது சிறியது? கலப்பெண்களின் கூட்டல், பெருக்கலோடு ஒத்துப்போகும் வரிசை முறை கிடையாது. அதனால் பைத்தான் மொழி கலப்பெண்களுக்கிடையே < குறியைப் பயன்படுத்தினால் பிழை என்று மறுத்துவிடுகிறது. வகுப்பறை எடுத்துக்காட்டு + குறியோடு நின்றுவிடுவதால் இந்த மறுப்பு மாணவர் கண்ணில் படுவதில்லை.

காரவள்ளியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாத எடுத்துக்காட்டு ஒன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்திலிருந்து எண்ணினால் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வரிசை எண் கிடைக்கும். இச்சாலையில் செல்லும் வண்டி ஒன்று எங்கே இருக்கிறது என்று குறிக்க ‘வளைவு’ என்ற இனக்குழுவை எழுதுவதாகக் கொள்வோம். உள்ளே இருப்பது ஒரே ஒரு முழு எண். இனி எந்தெந்தக் குறிகளைப் பணிமிகுக்கலாம்?

20-ஆம் வளைவு + 30-ஆம் வளைவு என்றால் என்ன? 50-ஆம் வளைவு என்று எண் சொல்லும். சாலை அப்படிச் சொல்லாது. இரண்டு இடங்களைக் கூட்டினால் மூன்றாவது இடம் வரும் என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. காரவள்ளியையும் சோளக்காட்டையும் கூட்டினால் என்ன ஊர் வரும் என்று கேட்பது போன்றது அது.

கழித்தல் அப்படியல்ல. 50-ஆம் வளைவு − 20-ஆம் வளைவு என்பதற்குத் தெளிவான விடை உண்டு: இடையில் 30 வளைவு ஏற்றம். ஆனால் அந்த விடை ஓர் இடமல்ல. அதற்கு ‘ஏற்றம்’ என்று தனி இனக்குழு வேண்டும். வரிசையை மாற்றி 20-ஆம் வளைவிலிருந்து 50-ஆம் வளைவைக் கழித்தால் −30 வரும். அதாவது 30 வளைவு இறக்கம்.

இப்படிப் பிரித்ததும் மற்ற குறிகளின் நிலையும் தெளிவாகிறது.

1. வளைவு − வளைவு = ஏற்றம்.
2. வளைவு + ஏற்றம் = வளைவு. 20-ஆம் வளைவில் இருந்து 30 வளைவு ஏறினால் 50-ஆம் வளைவு.
3. ஏற்றம் + ஏற்றம் = ஏற்றம். ஏற்றத்தை 2-ஆல் பெருக்கவும் செய்யலாம்.
4. வளைவு < வளைவு: எது அடிவாரத்துக்கு அருகில் என்பது விடை.
5. வளைவு + வளைவு, வளைவு × 2: இவை வரையறுக்கப்படக் கூடாதவை.
6. 60-ஆம் வளைவு + 20 ஏற்றம்: குறி பொருந்தும், ஆனால் 80-ஆம் வளைவு சாலையில் இல்லை. இங்கே பிழை அறிவிக்க வேண்டும்.

ஐந்தாவது வரியே இந்த இனக்குழுவின் பயன். அங்கே எந்தச் செயற்கூறும் எழுதாமல் விடுவதால், தவறுதலாக இரண்டு இடங்களைக் கூட்டும் நிரலை நிரல்பெயர்ப்பி ஏற்க மறுக்கும். வெற்று முழு எண்ணாக வைத்திருந்தால் அந்தத் தவறு சத்தமில்லாமல் ஒரு விடையைத் தந்திருக்கும். முழு எண்ணை அப்படியே வளைவாக மாற்றிக்கொள்ள இனக்குழு இடம் கொடுத்தால் இந்தக் காவல் தளர்ந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்த அமைப்பு கொல்லிமலைக்கு மட்டும் உரியதல்ல. சி++ மொழியில் ஒரே அணியின் உறுப்புகளைச் சுட்டும் இரண்டு சுட்டுகளைக் கழிக்கலாம். இரண்டு சுட்டுகளைக் கூட்ட முடியாது. பைத்தானில் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்தால் நாள் இடைவெளி கிடைக்கும்; இரண்டு தேதிகளைக் கூட்ட முயன்றால் பிழை வரும். இந்த மொழிகளை வடிவமைத்தவர்கள் எதைக் கொடுப்பது என்பதோடு எதை மறுப்பது என்பதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

நடுவளைவைக் கண்டுபிடிப்பது

இதில் ஒரு நுட்பமான எதிர்ப்பு எழலாம். 20-ஆம் வளைவுக்கும் 50-ஆம் வளைவுக்கும் நடுவில் இருப்பது 35-ஆம் வளைவு. அதைக் கண்டுபிடிக்க இரண்டையும் கூட்டி 2-ஆல் வகுப்பதே வழக்கம். அப்படியானால் இரண்டு இடங்களைக் கூட்டுவதற்கும் ஒரு தேவை இருக்கிறதல்லவா?

தேவைப்படுவது நடுவிடம். அதை அடையக் கூட்டல் தேவையில்லை. 20-ஆம் வளைவில் தொடங்கி, இரண்டுக்கும் உள்ள இடைவெளியான 30-இல் பாதியை ஏறினால் 35 வந்துவிடும். இந்த வழியில் ஒவ்வோர் அடியிலும் பொருளுள்ள குறியே பயன்படுகிறது.

இது வெறும் கொள்கைப் பிடிவாதம் அல்ல. இருமத் தேடல் எழுதும்போது, தொடக்க இடத்தையும் முடிவிடத்தையும் கூட்டி 2-ஆல் வகுக்கும் வரியைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அணி மிகப் பெரிதானால் அந்தக் கூட்டுத்தொகை முழு எண்ணின் கொள்ளளவைத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடும். ஜாவா மொழியின் செந்தர நூலகத்தில் இருந்த இருமத் தேடலிலேயே இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் கிடந்து, 2006-இல் பரவலாகத் தெரியவந்தது. திருத்தங்களில் ஒன்று மேலே சொன்ன வழியே: தொடக்க இடத்தோடு இடைவெளியின் பாதியைச் சேர்ப்பது.

கொல்லியும் கொல்லியும் சமமா?

கூட்டலை விட அடிக்கடி பயன்படும் குறி சமன் குறி. அதிலும் கேள்வி எழாமல் இருப்பதில்லை. இதற்கு இந்த மலையின் பெயரே சான்று.

‘கொ’ என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு வழியாகச் சேமிக்க முடியும். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு குறியீடுகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வழியில் ‘கொல்லி’ என்ற சொல் 6 குறியீடுகள். இரண்டாம் வழியில் 7. படிப்பவருக்கு இரண்டிலும் எழுத்து மூன்றே. பைத்தானில் இவ்விரண்டு சரங்களையும் சமன் குறியால் ஒப்பிட்டால் சமமில்லை என்ற விடை வரும்.

பயனர் பட்டியலில் ‘கொல்லிமலை’ என்று தேடுபவருக்கு, கண்ணெதிரே இருக்கும் ஊர் கிடைக்காமல் போக இது போதும். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்கிறது. ஒரு வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்க முறையையும் வரையறுத்திருக்கிறது. ஆகவே ‘ஊர்ப்பெயர்’ என்ற இனக்குழுவை எழுதி, இயல்பாக்கிய பிறகே ஒப்பிடும்படி சமன் குறியைப் பணிமிகுப்பது நியாயமானது. இங்கே புதிய பொருள் எதுவும் புகுத்தப்படவில்லை. பயனர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் சமத்துவத்துக்கு நிரல் ஈடு கொடுக்கிறது.

ஆனால் சமன் குறியைத் தொட்டவர் அதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அகராதி வகைத் தரவமைப்பு, ஒவ்வொரு சாவியையும் அதன் துண்டாக்க மதிப்பைக் கொண்டு ஓர் அறையில் போட்டு வைக்கிறது. சமம் என்று அறிவிக்கப்பட்ட இரண்டு பொருள்களுக்குத் துண்டாக்க மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை வைத்துத் தேடும்போது மற்றது அகப்படாது. பைத்தான் 3-இல் ஓர் இனக்குழு சமன் குறியை மட்டும் வரையறுத்துவிட்டுத் துண்டாக்க மதிப்பை வரையறுக்காமல் விட்டால், அதன் பொருள்களை அகராதிச் சாவியாகவே பயன்படுத்த முடியாது. ஒரு குறிக்குப் பணி கொடுப்பது, அதோடு உறவுள்ள மற்றவற்றுக்கும் பொறுப்பேற்பது என்பதை இது காட்டுகிறது.

புணர்ச்சியின் கூட்டல் குறி

தமிழ் மாணவர் கணக்குக்கு வெளியே + குறியைச் சந்திக்கும் இடம் இலக்கணப் பாடம். மலை + அருவி = மலையருவி; பால் + குடம் = பாற்குடம்; மரம் + வேர் = மரவேர். நிரல்மொழிகளில் சரங்களுக்கிடையே வரும் + குறி வெறுமனே ஒட்டுவதோடு நின்றுவிடும். ‘மலைஅருவி’ என்றே விடை வரும். மெய்யையும் உயிரையும் தனித்தனிச் சரங்களாக வைத்துக் கூட்டினாலும் உயிர்மெய் கிடைப்பதில்லை. எனவே ‘தமிழ்ச்சொல்’ என்று ஓர் இனக்குழு எழுதி, புணர்ச்சி விதிப்படி + குறியைப் பணிமிகுக்கலாம் என்ற எண்ணம் தமிழ்க் கணிமை கற்பவருக்கு இயல்பாகவே வரும். குறி பழக்கமானது, பொருள் மரபில் உள்ளது. இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது என்று தோன்றும்.

இங்கே ஒரு தடை இருக்கிறது. மல்லிகை + கொடி = மல்லிகைக்கொடி; வல்லினம் மிகுந்தது. செடி + கொடி = செடிகொடி; மிகவில்லை. இரண்டு நிலைமொழிகளும் உயிரீறு, வருமொழி ஒன்றே. வேறுபாடு எழுத்தில் இல்லை. சொற்களின் உறவில் இருக்கிறது. செடியும் கொடியும் என விரியும் உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே விடை காண இரண்டு சொற்கள் போதாது. அவற்றுக்கிடையே உள்ள தொடர்பு என்ற மூன்றாவது செய்தியும் வேண்டும். + என்பதோ இரண்டு செயலேற்பிகளை மட்டுமே ஏற்கும் குறி. பணிமிகுப்பால் அந்த எண்ணிக்கையை மாற்ற முடியாது.

இலக்கண நூலில் + குறியைப் பார்ப்பவர் அந்த மூன்றாவது செய்தியைத் தம் மொழியறிவிலிருந்து கொண்டுவருகிறார். கணினிக்கு அந்த அறிவு இல்லை. எனவே புணர்ச்சிக்கு ஏற்றது, நிலைமொழி, வருமொழி, தொடர்வகை என்ற மூன்றையும் கேட்டு வாங்கும், பெயருள்ள ஒரு செயற்கூறு.

காரவள்ளி எடுத்துக்காட்டில் குறிக்குப் பொருளே இல்லாததால் மறுத்தோம். இங்கே பொருள் இருந்தும், குறியில் அதற்கு இடம் போதாததால் மறுக்க வேண்டியிருக்கிறது. ‘பழக்கமான குறி என்றால் பணிமிகுக்கலாம்’ என்ற பொதுவான அறிவுரை இந்த இடத்தில் வழி தவறச் செய்யும்.

இரண்டு கட்சிகள்

பயனர் வரையறுக்கும் குறிகள் சி++ மொழியோடு பிறந்தவை அல்ல; அல்கால் 68 மொழியிலேயே அந்த வசதி இருந்தது. 1979-இல் பெல் ஆய்வகத்தில் பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் தொடங்கிய பணி 1983-இல் சி++ என்று பெயர் பெற்றபோது, பணிமிகுப்பு அதன் முதன்மைக் கூறுகளில் ஒன்றாயிற்று. இடப்பெயர்ச்சிக்கு உரிய << குறியைத் தகவல் வெளியீட்டுக்கும் அம்மொழி பயன்படுத்தியது. பார்க்க அழகாக இருந்தாலும், அக்குறியின் பழைய முன்னுரிமை அப்படியே தொடர்கிறது. அதைவிடக் குறைந்த முன்னுரிமை உள்ள ஒப்பீட்டுக் குறிகளை அடைப்புக்குறி இல்லாமல் அதோடு சேர்த்து எழுதும் மாணவர், விளங்காத பிழைச் செய்திகளைக் கண்டு திகைப்பது இன்றும் நடக்கிறது.

1995-இல் வெளிவந்த ஜாவா இதற்கு எதிர்த்திசையில் சென்றது. ஜேம்ஸ் காஸ்லிங்கின் வடிவமைப்பில் நிரலருக்குப் பணிமிகுக்கும் உரிமை தரப்படவில்லை. சரங்களை இணைக்க மட்டும் மொழியே + குறிக்கு இரண்டாம் பணி கொடுத்தது. வரும் தவறுகள் குறைந்தன என்பது உண்மை. அதற்கான விலையும் உண்டு. பணக் கணக்குக்கு உரிய துல்லியப் பதின்ம எண்களை ஜாவாவில் கூட்டவும் பெருக்கவும் பெயருள்ள செயற்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக அழைக்க வேண்டும். ஒரு வரியில் படித்துச் சரிபார்க்கக்கூடிய வட்டிச் சூத்திரம், அடைப்புக்குறிகளுக்குள் புதைந்துவிடுகிறது. படிக்கக் கடினமான நிரலில் பிழை ஒளிந்துகொள்வது எளிது.

ஆகவே முழுத்தடையும் தீர்வாகவில்லை, முழு அனுமதியும் தீர்வாகவில்லை. முடிவு ஒவ்வோர் இனக்குழுவை எழுதுபவரின் கையில் விடப்பட்டிருக்கிறது. அந்த முடிவெடுக்கும் திறனைக் கற்பிக்க வேண்டிய இடம் வகுப்பறை.

வெற்று எண்ணின் ஆபத்து

இதில் என்ன அப்படி நட்டம் என்று கேட்பவருக்கு 1999 செப்டம்பரில் நிகழ்ந்த ஓர் இழப்பை நினைவூட்டலாம். நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்தபோது தொலைந்துபோனது. தரையில் இருந்த ஒரு மென்பொருள் பவுண்டு-விசை நொடி என்ற அலகில் தந்த எண்ணை, மறுபுறம் நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டதே காரணம். இரண்டும் வெறும் எண்களாகக் கைமாறின. எண்கள் எந்த எண்ணோடும் கூடும், யாரும் மறுக்கவில்லை.

பணிமிகுப்பு இருந்திருந்தால் மட்டும் விண்கலம் பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. இரு மென்பொருள்களுக்கிடையே கோப்பாகச் செல்லும் தரவை இனக்குழு தானாகக் காக்காது. அலகையும் சேர்த்தே அனுப்பும் ஒழுங்கு வேண்டும். ஆனால் அலகைத் தன்னுள் சுமக்கும் இனக்குழுக்கள், பொருந்தாத கூட்டலை மறுக்கும் + குறி ஆகிய இரண்டும் இத்தகைய தவறுகளை நிரலுக்குள்ளேயே பிடிக்கும் நல்ல கருவிகள். 70 வளைவுகளுக்காக எழுதிய சிறிய இனக்குழுவில் மாணவர் பழகுவது இதே கருவியைத்தான்.

மதிப்பீடு

பாடநூல்கள் பணிமிகுப்பின் இலக்கணத்தைச் சரியாகவே தருகின்றன. உறுப்பு அணுகல், வரையெல்லை, மும்ம நிபந்தனை போன்ற குறிகளைப் பணிமிகுக்க முடியாது. முன்னுரிமையை மாற்ற முடியாது. புதிய குறிகளை உண்டாக்க முடியாது. இவை தெரிந்திருக்க வேண்டியவை. ஆனால் இவை மொழி விதித்த தடைகள். நிரல்பெயர்ப்பியே இவற்றை நினைவூட்டிவிடும். இரண்டு வளைவுகளைக் கூட்டும் செயற்கூறை ஒருவர் எழுதிவிட்டால் எந்த நிரல்பெயர்ப்பியும் அவரை எச்சரிக்காது.

எனவே பயிற்சி வினாக்களின் போக்கு மாற வேண்டும். ‘கலப்பெண் இனக்குழுவுக்கு + குறியைப் பணிமிகுக்கும் நிரல் எழுதுக’ என்பதோடு, ‘கீழ்க்காணும் இனக்குழுவுக்கு எந்தெந்தக் குறிகள் பொருந்தும், எவை பொருந்தா, காரணம் கூறுக’ என்ற வினாவும் இடம்பெற வேண்டும். தேதி, ஊர்ப்பெயர், வெப்பநிலை, வங்கி இருப்பு, சாலை வளைவு என எதையும் கொடுக்கலாம். விடை எழுத மாணவருக்குக் கணினி கூடத் தேவையில்லை. காரவள்ளியில் பேருந்துக்கு நிற்பவர், இருபதாம் வளைவும் முப்பதாம் வளைவும் சேர்ந்தால் என்ன வரும் என்று தமக்குள் கேட்டுப் பார்த்தால் போதும்.